மதியம் இரண்டு மணிக்கு அணைந்துபோகும் லேப்டாப்

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். எங்கள் வீடு சேலம் பக்கம் இளம்பிள்ளையில். முன்பக்கம் தகரக் கொட்டகையில் ஆறு விசைத்தறி ஓடுகிறது. அதை ஒட்டிய அறையில் உட்கார்ந்துதான் சேலைக்கு டிசைன் போடுகிறேன். லேப்டாப் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. 15.6 இன்ச், இன்டெல் ஐ5, தனி கிராஃபிக்ஸ் கார்டும் உண்டு. பங்குனி பிறந்ததிலிருந்து மதியம் ஒரு மணிக்கு மேல் ஃபேன் இரைகிறது, மவுஸ் இழுக்கிறது, இரண்டு மணி வாக்கில் பட்டென்று அணைந்துவிடுகிறது. சித்திரையில் ஏற்காட்டில் அண்ணன் வீட்டில் எட்டு நாள் இருந்தேன். அங்கேயும் இதே வேலைதான் செய்தேன், ஒருமுறைகூட அணையவில்லை. ஊருக்குத் திரும்பிய அன்றே பழையபடி ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணியை மடித்து அடியில் வைத்துப் பார்த்தேன். கடையில் காட்டினால் மதர்போர்டு போயிருக்கும், புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். அண்ணன், லேப்டாப்புக்கு அடியில் வைக்கிற ஃபேன் பலகை, கூலிங் பேட், வாங்கித் தருகிறேன் என்கிறார். சார்ஜரை எடுப்பதே இல்லை, எப்போதும் சொருகியேதான் இருக்கும். கொஞ்ச நாளாக டச்பேட் அமுக்கினால் சரியாகக் கிளிக் ஆவதில்லை, மேசையில் வைத்தால் லேசாக ஆடுகிறது, அது வேறு விஷயம். கூலிங் பேட் வாங்கலாமா? நானே திறந்து சுத்தம் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

"அது வேறு விஷயம்" என்று கடைசியில் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டச்பேட் அமுங்க மறுப்பதும், அடிப்பாகம் மேசையில் படியாமல் ஆடுவதும் பேட்டரி உப்பியிருப்பதன் அடையாளம். உங்களுடையதைப் போன்ற லேப்டாப்புகளில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே படுத்திருக்கும். வெளியே இரும்புக் கூடு எதுவும் கிடையாது. மெல்லிய தாள் போன்ற உறைக்குள் அடைத்த லித்தியம் பைகள்தான். சூட்டிலேயே கிடந்து, எந்நேரமும் 100 சதவீதம் நிரம்பியும் இருந்தால் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. வாயுவுக்கு வெளியேற வழியில்லை. பை உப்பி, மேலே டச்பேடையும் கீழே அடித்தகட்டையும் தள்ளுகிறது.

இதைப் படித்து முடித்ததும் டிசைன் ஃபைல்களைப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். மூடியை மூடி, சமமான தரையில் வைத்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய் நான்கு ஓரங்களையும் பாருங்கள். நடுவில் தொந்தி விழுந்தாற்போலவோ, ஓரத்தில் இடைவெளி விட்டோ தெரிந்தால் சந்தேகமே இல்லை. அமுக்கிச் சமப்படுத்தப் பார்க்கக் கூடாது. இனி சார்ஜ் ஏற்றவும் கூடாது. உப்பிய பை கிழிந்தால் தீப்பிடிக்கும்; நூலும் பாவும் நெய்த சேலையும் அடுக்கியிருக்கிற வீட்டில் அந்தத் தீ எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் போகும்வரை தறிக்கொட்டகையை விட்டுத் தள்ளி, வெயில் படாத சிமெண்டுத் தரையில் வையுங்கள்.

உப்பிய பேட்டரியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். பல மாடல்களில் அது பசையால் ஒட்டப்பட்டிருக்கும், நெம்பி எடுக்கும்போதுதான் பை கிழிகிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய பேட்டரி மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்து அதே நம்பரில் புதியது போடச் சொல்லுங்கள். பழையதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் கடையிலேயே, மின்கழிவு சேகரிக்கிறவர்களிடம் போகும்படி கொடுத்துவிட்டு வாருங்கள்.

நானே திறக்கலாமா என்று கேட்டீர்கள். இந்த முறை பேட்டரிக்காகக் கடையில் எப்படியும் அடித்தகட்டைத் திறக்கத்தான் போகிறார்கள். அப்போதே ஃபேனைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த தடவையிலிருந்து நீங்களே செய்யலாம். தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிகிற வீட்டில் வளர்ந்த கைக்கு இது கடினமான வேலை அல்ல.

இனி, ஏற்காட்டில் ஏன் அணையவில்லை என்ற கேள்வி. உங்கள் லேப்டாப் அணைவதன் காரணம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

சிப்பின் சூடு இரண்டு பகுதிகளின் கூட்டல். ஒன்று, ஃபேன் உள்ளே இழுக்கிற காற்றின் சூடு. இன்னொன்று, சிப் வேலை செய்வதால் அதற்கு மேல் ஏறுகிற சூடு. புரிவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். நல்ல நிலையில் உள்ள மெஷின், முழு வேலையில் அறைச் சூட்டைவிட 55 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள். உள்ளே காற்றுவழி அடைபட்டால் அதே வேலைக்கு 68 டிகிரி ஏறும். ஏற்காட்டில் அறை 26 டிகிரி. 26ஓடு 68ஐக் கூட்டினால் 94. தகரக் கொட்டகையை ஒட்டிய உங்கள் அறை சித்திரை மதியம் 39 டிகிரி; 39ஓடு 68ஐக் கூட்டினால் 107. லேப்டாப்பில் வருகிற இன்டெல் சிப்புகள் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அதை நெருங்கியதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மதியம் ஒரு மணிக்கு மவுஸ் இழுப்பது அதனால்தான். குறைத்தும் சூடு இறங்கவில்லை என்றால், எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள மெஷின் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்கிறது. அதுதான் இரண்டு மணி.

ஆக, ஏற்காட்டில் உங்கள் லேப்டாப் குணமாகவில்லை. அங்கேயும் 94 டிகிரியில் திணறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, எல்லையைத் தொடாததால் உங்களுக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைவு, அதனால் அதே ஃபேன் அங்கே கொஞ்சம் குறைவான சூட்டைத்தான் அள்ளிக்கொண்டு போகும். அந்தக் குறையையும் மீறி மலைக்குளிர் கைகொடுத்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெரும்பாலான லேப்டாப்புகளின் கையேட்டில், சுற்றுப்புறச் சூடு 35 டிகிரி வரைதான் இயக்கலாம் என்று எழுதியிருக்கும். கோடையில் சேலம் பக்கத்து வீடுகளில் மதியம் ஆனால் அந்த எல்லையைத் தாண்டித்தான் நாம் வேலை செய்கிறோம். கையில் மிச்சமே இல்லாத இடத்தில், உள்ளே அடைப்பும் சேர்ந்தால் தாங்காது.

அந்த அடைப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அடித்தகட்டில் உள்ள சல்லடை வழியாக ஃபேன் காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய காற்றைப் பக்கவாட்டில், சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாகமான ஹீட் சிங்கின் மெல்லிய தகடுகளுக்கு இடையே தள்ளி, பின்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியேற்றுகிறது. தகடுகளுக்கு இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டர் அளவுதான். சாதாரண வீட்டுத் தூசியில் பெரும்பகுதி அந்தச் சந்தில் புகுந்து வெளியே போய்விடும். பஞ்சு இழை போகாது. தகடுகளின் விளிம்பில் குறுக்கே மாட்டிக்கொள்ளும், அதன்மேல் அடுத்த இழை, அதன்மேல் இன்னொன்று. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி உதிர்ந்த தூளும் அந்தக் காற்றில்தான் பறக்கிறது. ஐப்பசி மழை ஈரத்தில் அந்தக் கஞ்சித்தூள் பசையாகி, பங்குனி வெயிலில் காய்ந்து, ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சாம்பல்நிறக் கம்பளமே உருவாகிவிடும்.

இந்தக் கம்பளம் தகடுகளின் உட்பக்கம் இருப்பதால், வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் தகடுகள் பளபளவென்றுதான் தெரியும். "தூசியே இல்லையே" என்று நம்பிவிடுவோம். தூசி ஊதுகிறேன் என்று காற்று வெளியேறும் வாய் வழியாக ஊதினால் கம்பளம் பெயர்ந்து பின்னால் போய் ஃபேன் இறக்கைக்குள் விழும். சமயத்தில் ஃபேனே நின்றுபோகும். அதனால்தான் தறி ஓடுகிற வீட்டு லேப்டாப்பைத் திறக்காமல் சுத்தம் செய்ய முடியாது என்கிறேன்.

தறி சுத்தம் செய்கிற புளோயரையோ கம்ப்ரஸர் குழாயையோ இதற்குக் கொண்டுவராதீர்கள். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெய்த் துளியும் கலந்து வரும். அந்த வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் வாயில் நிலைமின்சாரம் சேரும்.

நீங்களே திறக்கிற நாளில் தேவையானவை: பிஎச்0, பிஎச்00 அளவு பிளஸ் முனை ஸ்க்ரூ டிரைவர்கள், பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்று, முனை மழுங்கிய இடுக்கி, ஓர் அங்குலப் புதுப் பெயிண்ட் பிரஷ், கேமரா லென்ஸ் துடைக்கிறவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதுபந்து. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். டெல், எச்பி, லெனோவா மூன்றும் படம் போட்ட கையேடுகளைத் தங்கள் தளங்களில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. தறிகள் நின்றிருக்கிற நாளாக, தறிக்கொட்டகைக்கு எட்டாத அறையாகப் பாருங்கள். தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அரைமணி கழித்து உட்காருங்கள்.

ஷிஃப்ட் கட்டையை அமுக்கியபடியே ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுவதுமாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். ஓர் அட்டையில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். ஸ்க்ரூக்களின் நீளம் ஒன்றுபோல் இராது. குட்டையானது இருந்த துளையில் நீளமானதை முடுக்கினால் மேல்பக்கக் கீபோர்டைக் குத்திவிடும். எல்லாம் கழற்றியும் தகடு வரவில்லை என்றால் ரப்பர் காலுக்கு அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். பிறகு கார்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. வயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் இருபக்கமும் நகத்தால் நகர்த்துங்கள். அது பிரியும்வரை வேறு எதையும் தொட வேண்டாம். ஃபேனை இரண்டு மூன்று ஸ்க்ரூக்கள்தான் பிடித்திருக்கும், ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் ஒரு கறுப்பு டேப் இருக்கும். டேப்பைக் கிழிக்காமல் உரியுங்கள், திரும்ப ஒட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் காற்று தகட்டுக்குள் போகாமல் பக்கத்தில் கசிந்துவிடும். ஃபேனைத் தூக்கியதும் கம்பளம் கண்ணில் படும். இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே பாளமாக வந்துவிடும். மிச்சத்தைத் தகடு போகிற திசையிலேயே பிரஷ்ஷால் தள்ளுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கி, சந்து நிரந்தரமாக மூடிவிடும். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். அச்சைச் சுற்றி நூல் சுற்றியிருக்கும், தார்க்குச்சியில் சுற்றினாற்போல. அதையும் இடுக்கியால் எடுங்கள்.

ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால், தறிக்கு விடுகிற மெஷின் ஆயிலில் ஒரு சொட்டு விடத் தோன்றும். விட வேண்டாம். இரண்டு நாள் சத்தம் அடங்கும், மூன்றாம் நாளிலிருந்து அந்த எண்ணெயே பஞ்சை இழுத்துப் பிசினாக்கிவிடும். சத்தம் போடுகிற ஃபேனை மாற்றுவதுதான் வழி. அதன் ஸ்டிக்கரில் உள்ள நம்பரைச் சொல்லி வாங்குங்கள். இரண்டு ஃபேன் உள்ள மாடலில் இடது வேறு, வலது வேறு.

இதற்குமேல், ஹீட் சிங்கைத் தூக்கி தெர்மல் பேஸ்ட்டை, அதாவது சிப்பின் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்த நடுவில் பூசியிருக்கும் பசையை, மாற்றுவது. "நான்கு வருடம் ஆகிவிட்டது, எப்படியும் மாற்ற வேண்டும்" என்று கடையில் சொல்வார்கள். பல மாடல்களில் ஹீட் சிங்கைத் தொடாமலே ஃபேனை மட்டும் தனியாக எடுக்கலாம். அப்படி என்றால் முதலில் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, மூடி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் என் அபிப்பிராயம். நன்றாக இருக்கும் பேஸ்ட்டைக் கலைப்பதில் லாபம் இல்லை.

எப்படித் தெரிந்துகொள்வது? எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சென்சார் பக்கத்தில் சிபியு பேக்கேஜ் என்ற வரியைப் பாருங்கள், அதுதான் மெயின் சிப்பின் சூடு. கனமான டிசைன் ஒன்றைத் திறந்து முழு வேலை கொடுத்து, சூடு எவ்வளவு ஏறுகிறது என்பதோடு எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்றும் கவனியுங்கள். வேலை தொடங்கிய ஐந்தாறு நொடிக்குள் 95ஐத் தொட்டு, வெளியே வருகிற காற்று மட்டும் வெதுவெதுப்பாகவே இருந்தால் சிப்பின் சூடு ஹீட் சிங்குக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் படிப்படியாக ஏறி, ஃபேன் இரைந்தும் வெளியே காற்று கையில் படவே இல்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது. மெதுவாக ஏறுகிறது, காற்றும் பலமாக, நல்ல சூட்டோடு வருகிறது என்றால் மெஷினில் குறையில்லை, அறைதான் சூடு.

ஒருவேளை 70 டிகிரியிலேயே அணைந்தால் அது சூட்டுக் கோளாறே அல்ல. தறி மோட்டார் கிளம்பும்போது லைட் மினுக்குகிறதே, அதே நேரத்தில் அணைகிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பை அந்த ஒரு கண மின்தடையே அணைத்துவிடும். புதுப் பேட்டரி போட்ட பிறகும் குறைந்த சூட்டில் அணைந்தால் சார்ஜரையும், அதன் பிறகு மதர்போர்டையும் சந்தேகப்படலாம். அதுவரை புது லேப்டாப்புக்குப் பணம் எடுக்காதீர்கள்.

பேஸ்ட் மாற்றத்தான் வேண்டும் என்றால்: ஹீட் சிங்க் ஸ்க்ரூக்கள் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து, மாட்டும்போது 1லிருந்து. ஒரே மூச்சில் முடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்றாகச் சமமாக இறக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் சிப்பின் மூலை உடையும். பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை விடாத துணியால் துடையுங்கள். லேப்டாப் சிப்புக்கு மேலே மூடி கிடையாது, கண்ணாடி போன்ற அந்தப் பரப்பு முழுவதும் பேஸ்ட் படிந்தாக வேண்டும். சிபியுவுக்கு ஓர் அரிசி அளவு, கிராஃபிக்ஸ் சிப் பெரிதாக இருந்தால் இரண்டு அரிசி அளவு வைத்து, கார்டின் ஓரத்தால் மெல்லிய பூச்சாக இழுத்துவிடுங்கள். பக்கத்தில் சின்னச் சின்னச் சிப்புகள் மேல் ஒட்டியிருக்கும் மெத்தென்ற பட்டைகள் தெர்மல் பேட். அவை கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு, சிபியு மேல் படியாமல் போகும். திறந்ததும் பாதரசம் மாதிரி வெள்ளித் திரவம் தெரிந்தால் அப்படியே மூடிவிட்டு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். அது மின்சாரம் கடத்தும் திரவ உலோகம், ஒரு துளி சிதறினாலும் போர்டு போய்விடும்.

கம்பளம் அடைத்திருந்த மெஷினைச் சுத்தம் செய்தால் 10, 15 டிகிரி இறங்குவது வழக்கம். ஆனாலும் நம் கணக்கில் 39ஓடு 55ஐக் கூட்டினால் இன்னும் 94 நிற்கிறது. சித்திரை, வைகாசியைத் தாண்ட இது போதாது. விண்டோஸில் ஒரு மாற்றம் செய்யலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதற்குள் புராசஸர் பவர் மேனேஜ்மென்ட், மேக்ஸிமம் புராசஸர் ஸ்டேட். அங்கே 100 என்றிருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 99 ஆனதும் சிப்பின் டர்போ வேகம், அதாவது வழக்கத்துக்கு மேல் எகிறுகிற வேகம், முழுவதும் நின்றுவிடுகிறது. அதிகச் சூட்டைக் கிளப்புவதே அந்த டர்போதான். கோடு இழுப்பதிலும் நிறம் நிரப்புவதிலும் உங்களுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. பெரிய ஃபைலைச் சேமிக்கும்போது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆடி பிறந்ததும் மறுபடி 100க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தறியில் டிசைன் எழுப்புகிற ஜக்கார்டுக்காகப் பெரிய ஃபைல்களை மாற்றி எடுக்கிற வேலையைக் காலை ஆறு முதல் பத்து மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் குளிர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். காரை மச்சுக்குக் கீழே உட்கார்ந்தால் பகலெல்லாம் குடித்த வெயிலை அது ஆறேழு மணிக்குத்தான் உள்ளே இறக்கும்.

புதுப் பேட்டரி போட்டதும் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். சார்ஜரை எப்போதும் சொருகி வைக்கிறவர்களுக்கு இது மிக அவசியம். லெனோவாவில் வேன்டேஜ் செயலிக்குள் கன்சர்வேஷன் மோட் என்று இருக்கும். ஆசுஸில் மைஆசுஸ் செயலியிலும், டெல், எச்பி மாடல்கள் பலவற்றில் விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற பயாஸ் அமைப்பிலும் இந்த வசதி உண்டு.

ஈரத்துணியை இன்றோடு விட்டுவிடுங்கள். அது அடிச்சல்லடையை மூடிக் காற்றை நிறுத்துகிறது, ஈரத்தையும் ஃபேன் உள்ளே இழுக்கிறது. ஐஸ் பையும் அப்படித்தான். ஏர் கூலரை நேராக லேப்டாப் மேல் திருப்பவும் வேண்டாம், கஞ்சித்தூள் பறக்கிற அறையில் ஈரக்காற்று சேர்ந்தால் உள்ளே பசை காய்ச்சினாற்போலத்தான்.

அண்ணன் அன்போடு சொல்கிற கூலிங் பேட் வேறொரு அறையில் நன்றாகவே உதவும். உங்கள் அறையில் வேண்டாம். அதன் ஃபேன்கள் மேசையில் படிந்த பஞ்சை அள்ளி நேராக லேப்டாப்பின் வயிற்றுக்குள் ஊதும். ஒரு வருடத்தில் சேர்கிற கம்பளம் இன்னும் சீக்கிரமே சேர்ந்துவிடும். பேட் தருகிற பலனில் பெரும்பங்கு அது லேப்டாப்பைத் தூக்கி நிறுத்துவதால் வருவதுதான். அதற்கு இரண்டு மரக்கட்டை போதும். பின்பக்க இரண்டு காலுக்கு அடியில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு வைத்து, கட்டைமேல் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டிவிட்டால் வழுக்காது. சூடான காற்று வெளியேறும் பக்கம் சுவருக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சல்லடையில் வலைத்துணி கட்டினால் பஞ்சு வராதே என்று சிலர் கேட்பதுண்டு. அந்தத் துணியே அரைநாளில் அடைத்துக்கொள்ளும்.

உண்மையான தீர்வு, மேசையைத் தறிக்கொட்டகைச் சுவரை விட்டு உள்ளறைக்கு, கதவு மூடக்கூடிய இடத்துக்கு மாற்றுவதுதான். அது முடியுமானால் மற்ற எல்லாவற்றையும்விட அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மற்ற வீடுகளுக்கு வருடம் ஒருமுறை போதும், உங்களுக்குப் போதாது. வேலை முடிந்து அணைத்த பிறகு துணிப்பைக்குள் போட்டு வையுங்கள், ஓடும்போது எதையும் மேலே போர்த்தாதீர்கள்.

அடுத்த முறை ஏற்காடு போய் வரும்போது ஒன்று: மார்கழிக் குளிரில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த லேப்டாப் குளிர்ந்தே இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் திறந்தால், குளிர்ந்த சொம்பின் மேல் வியர்ப்பதுபோல உள்ளே போர்டின்மேல் ஈரம் பூக்கலாம். பையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவைத்து, பிறகு ஆன் செய்யுங்கள்.

புதுப் பேட்டரியும் சுத்தம் செய்த ஃபேனும் வந்த பிறகு, ஒரு நாள் காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் அறைச் சூட்டையும் சிபியு பேக்கேஜ் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வருகிற எண் இரண்டு நேரத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த எண்ணை லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வையுங்கள். அதே வேலைக்கு அது 8, 10 கூடியிருக்கிற அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.